முதுகுக்குப் பின்னால் சார்மினார்

ஞாயிறு, டிசம்பர் 14, 2025. ரயிலில்.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. ‘சார்மினார் பார்த்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். பார்க்கவில்லை. சார்மினார் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் இருந்தது பேனர்.

பேனரில் தட்சிணாமூர்த்தி ஐயாவின் முகம், ‘கல்விக் காவலர்’ என்ற பட்டத்துடன். திண்டிவனத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். அரசுத் தேர்வுக்கான எங்கள் மாலை வகுப்பை இலவசமாக நடத்துபவர் அவர்தான். இந்த ஐதராபாத் சுற்றுலாவும் அவர் செலவு. பகலில் ஜெராக்ஸ் கடையில் நிற்கும் எனக்கு வேறு பயிற்சி வகுப்பில் சேர வழியில்லை. அதனால் போன இடமெல்லாம் பேனரின் ஒரு கம்பை நான் பிடித்தேன். இன்னொன்றை மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் புனிதா பிடித்தாள். வகுப்பை மேற்பார்க்கும் பூவரசன் அண்ணன் படம் எடுத்து ஐயாவுக்கு அனுப்புவார். ஐயா ‘ஓகே’ போட்ட பிறகுதான் நகர முடியும். சார்மினாரில் காற்றடித்து ஐயாவின் மூக்கு மடங்கிப்போனது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள். பிறகு வண்டியில் ஏறச் சொல்லிவிட்டார்கள்.

இன்று கோல்கொண்டா. கோட்டை வாசல் வளைவின் அடியில் கை தட்டினால் மலையுச்சி மண்டபத்தில் கேட்குமாம். அதைக் கேட்பதற்காகத்தான் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தேன். படம் எடுத்து அனுப்பியாயிற்று, ஓகே வரவில்லை. ஐயா விழுப்புரத்தில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். நாங்கள் வெயிலில் கம்போடு நின்றோம்.

“சுல்தானே இம்மாம் பெரிய கோட்டைய கட்டிட்டு வாசல்ல மூஞ்சிய மாட்டிக்கல. நம்ம மில்லுக்காரரு மாட்டிக்கினாரு பாரு,” என்றாள் புனிதா.

வகுப்பின் பின்வரிசை சிரித்தது. பூவரசன் அண்ணன் சிரிக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது, இனி மேலே ஏற முடியாது, வாசலைப் பார்த்ததே போதும் என்றார்.

நான் கம்பைச் சுவரில் சாய்த்தேன்.

“நான் மேல போய்ட்டு வர்றேன்ணா.”

“ஏம்மா ஷாலினி, அவரு இன்னொரு தபா எடுக்கச் சொன்னா கம்ப யாரு புடிப்பா? எனக்குத்தான் பேஜாரு. இப்ப போனன்னா கிளாஸ்ல உன் பேர எடுத்துடுவேன்.”

“எடுத்துக்கோங்கண்ணா. அவரு மூஞ்சிய ஊர்ல தெனம் பாத்துக்கினுதான் இருக்கேன். இத பாக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்.”

இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. ஏறும்போது, தவறு செய்கிறேனோ என்று திருப்பத்துக்குத் திருப்பம் நின்றேன். நின்றேனே தவிர இறங்கவில்லை.

உச்சியில் கை தட்டும் ஓசை கேட்டது, பக்கத்தில் யாரோ தட்டுவதுபோல. வேறு யாராவது சுற்றுலா வந்தவர்களாக இருக்கும் என்று நினைத்தேன். மீண்டும் கேட்டது, இந்த முறை பல கைகள். இறங்கி வந்த பிறகுதான் தெரிந்தது. புனிதா தன் கம்பையும் அண்ணனிடம் கொடுத்துவிட்டு வளைவின் அடியில் போய்த் தட்டியிருக்கிறாள். பின்வரிசை மொத்தமும் அவளோடு போயிருக்கிறது. அண்ணன் இரண்டு கம்புகளையும் கட்டிப்பிடித்தபடி தனியாக நின்றுகொண்டிருந்தார்.

வண்டியில் ஏறுவதற்குள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார். மற்றவர்களை நீக்கவில்லை. எல்லோரையும் நீக்கினால் வகுப்பே இருக்காது. பாடப் புத்தகங்களை நான் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம், புனிதாவிடம் சொல்லி அனுப்பினார்.

கொடுக்க மாட்டேன். பெயரை எடுப்பதானால் ஐயா என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அவர் முகத்தை நான் போதுமான நேரம் சுமந்தாயிற்று.

நாளை காலை திண்டிவனம், நேராகக் கடைக்கு. மாலை ஆறு மணிக்கு வகுப்பு. புத்தகங்களோடு போய் என் இடத்தில் உட்கார வேண்டும்.