நாற்காலி இல்லாமல் உட்கார்ந்திருந்தவன்

நாற்காலியை உருவி எடுத்த பிறகும் ஜாஸ்பர் உட்கார்ந்தே இருந்தான். இது நடந்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஐப்பசியில், திருநெல்வேலிப் பேட்டையில், ஒரு வாடகை வீட்டின் முன்னறையில். அவனுடைய சுழல் நாற்காலி ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்ததால், அதைப் பழுது பார்க்க எதிர் வரிசையில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாபநாசத்தை அவன் மனைவி கிரேஸி கூப்பிட்டிருந்தாள். அவர் வந்து, "கொஞ்சம் எந்திரிங்க தம்பி" என்றார். "இருங்க அண்ணாச்சி, இந்த ஒண்ணை முடிச்சிருதேன்" என்றான் ஜாஸ்பர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பட்டறையில் ஆள் காத்திருந்ததால் பாபநாசம் சற்று நேரம் பார்த்துவிட்டு நாற்காலியைப் பைய பின்னால் இழுத்தார். நாற்காலி வந்தது, ஜாஸ்பர் வரவில்லை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், முதுகு வளைந்து, கழுத்து ஆமையைப்போல் முன்னால் நீண்டு, கால்களைச் சம்மணமாக மடக்கியபடி அவன் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். பாபநாசம் நாற்காலியைக் கொண்டுபோய்ப் பழுது பார்த்து மதியமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைத் திரும்ப அவனுக்குக் கீழே தள்ளி வைத்துப் பார்த்தார்கள். அவனுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

ஜாஸ்பர் உவரிக்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரன். அவன் குடும்பத்தில் அவனுக்கு முன்னால் யாரும் உட்கார்ந்து பிழைத்ததில்லை. அப்பா அம்புரோஸ் வல்லத்திலும் பிறகு பைபர் படகிலும் நின்றே ஆயுளைக் கழித்தவர். அலை ஏறி இறங்கும்போது நிற்கிறவனின் முழங்கால்தான் அடியை வாங்கும். ஐம்பது வயதுக்குள் அவருடைய இரண்டு முழங்கால்களும் தேய்ந்து, நடந்தால் மரக்கதவு திறக்கிற சத்தம் வந்தது. மகன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவர் அவனிடம் சொன்ன புத்தி ஒன்றுதான். "நான் நின்னது போதும்லே. நீ படிச்சு, காத்தாடிக்குக் கீழ உக்காந்து சம்பாதி." ஜாஸ்பர் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. படித்தான், காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தான். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு என்ன வந்தது என்று டாக்டர்கள் எழுதுவதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட்டு அனுப்புவது அவன் வேலை. இடுப்பு வலிக்கு ஓர் எண், கழுத்து வலிக்கு ஓர் எண். ஊரடங்கில் அலுவலகத்தை மூடியபோது வேலை வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு திரும்பிப் போகவே இல்லை. முன்பு பஸ்ஸுக்காவது எழுந்து நடந்தவன், இப்போது அதற்கும் எழ வேண்டியதில்லை. டீ மேசைக்கு வந்தது. சோறும் வந்தது.

கிரேஸி பிசியோதெரபி படித்தவள். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தாள். அலுவலகங்களுக்குப் போய், எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவும் செய்வாள். இரண்டு பாதமும் தரையில் முழுக்கப் படிய வேண்டும், இடுப்பு நாற்காலியின் முதுகைத் தொட வேண்டும், திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டும். பாங்கிலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் அவள் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்தால் புருஷன் நாற்காலி மேலேயே காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு, இறால் மாதிரி வளைந்திருப்பான். "காலைக் கீழ போடுங்க" என்பாள். போடுவான். அவள் அடுக்களைக்குப் போய்த் திரும்புவதற்குள் கால் மேலே ஏறியிருக்கும். முதுகுக்குத் தலையணை வாங்கி வைத்தாள், போனில் மணி அடிக்க வைத்தாள். மணி அடித்தால் அவன் கை தானாகப் போய் அதை அணைத்துவிட்டு வரும். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்திருக்கிறாள். "இந்த ஒண்ணை முடிச்சிருதேன் கிரேஸி" என்பான். கோபத்தோடு சொல்ல மாட்டான், கெஞ்சுகிற மாதிரி சொல்வான். அதனால் அவளும் விட்டுவிடுவாள்.

நாற்காலியை எடுத்த நாளுக்குப் பிறகு அவள் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தாள். ஒத்தடம் கொடுத்தாள், எண்ணெய் தடவினாள், தொடையின் பின்நரம்பை நாள்தோறும் நீவினாள். கால் ஒரு நெல் அளவுகூட இறங்கவில்லை. அவனை நகர்த்துவது எளிதாக இருந்தது. ஒரு விரலால் தொட்டால் போதும், மிதந்து போவான். மேலே தூக்கினாலும் கீழே அழுத்தினாலும் கை எடுத்த மறுகணம், அடியில் இருக்கிற தரையிலிருந்தோ வண்டித் தளத்திலிருந்தோ ஒன்றரை அடிக்கு வந்து நின்றுவிடுவான். ஆட்டோவில் முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவே மடக்கிய கால்கள் நுழையவில்லை. லோடு ஆட்டோ பிடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பில் கோளாறு இல்லை, உட்காருவதற்கு ஏற்றபடி எல்லாம் இறுகியிருக்கிறது என்றார். கட்டிலில் படுக்க வைத்தால் தலையாட்டிப் பொம்மைபோல் மெள்ள நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவான். பாபநாசம் சாயங்காலங்களில் வந்து அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். "இரும்பா இருந்தா சூடாக்கி நிமித்திரலாம். மனுசனை எங்கன சூடாக்க?" என்று கேட்டுவிட்டுப் போவார். கம்பெனிக்குத் தெரியப்படுத்தியபோது, சென்னையிலிருந்து மேலாளர் நாகலக்ஷ்மி வீடியோவில் வந்து, இணையம் சரியாக வருகிறதா என்று விசாரித்தாள். வந்தது. வேலையில் பிழை இல்லாததால் அந்த ஆண்டின் சிறந்த ஊழியர் என்று பேர் பொறித்த ஒரு கண்ணாடிப் பட்டயமும் கூரியரில் வந்தது.

அம்புரோஸிடம் அவர்கள் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு மகன் ஊருக்கு வராததால் அவரே நெய்மீன் வாங்கிக்கொண்டு பேட்டைக்கு வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தார். மகனுக்கும் தரைக்கும் நடுவே வெயில் விழுந்து கிடந்தது.

"எந்திரிலே" என்றார்.

"எப்படி எந்திரிக்கணும்னு மறந்துட்டுப்பா."

"எத்தனை நாளா?"

"ஐப்பசியிலேருந்து. அதுக்கு முன்னயே மறந்திருக்கும். நாற்காலி இருந்ததால தெரியல."

அம்புரோஸ் சுவரோரம் கிடந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் அந்த மாதிரி ஒன்றில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அது அவரைக் கேட்காமலேயே ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. காலை ஊன்றி அதை நிறுத்திவிட்டு, "நான்லா உன்னை உக்காரச் சொன்னேன்" என்றார். திரையில் யாருக்கோ இடுப்பு வலி வந்திருந்தது, ஜாஸ்பர் அதற்குரிய எண்ணைப் போட்டான்.

ஊருக்குக் கிளம்பும்போது அவர் மருமகளை வாசலுக்குக் கூப்பிட்டார். "படகுல கொண்டுபோயிப் பாப்போம்மா. கரையோரம் அலை உடையுற அலைவாயில எவனும் உக்காந்திருக்க முடியாது. உக்காந்தா தூக்கி எறிஞ்சிரும். அங்கன உடம்பு தன்னால எந்திரிச்சிரும்."

கிரேஸிக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் தன்னுடைய படிப்பிலும் அப்போது நம்பிக்கை இல்லாததால், "சரி மாமா" என்றாள். ஜாஸ்பரிடம் கேட்டதற்கு அவனும் சரி என்றான். லீவு எழுதிப் போட்டான். ஊரடங்குக்குப் பிறகு அவன் போட்ட முதல் லீவு அது.

மாசியில் ஒரு காலை, வெயில் ஏறிய பிறகு, அம்புரோஸும் அவருடைய படகுக் கூட்டாளி மார்ட்டினும் ஜாஸ்பரை மணலில் தள்ளிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றினார்கள். பலகைக்கு மேலே ஒன்றரை அடியில் அவன் நின்றான், அதாவது உட்கார்ந்திருந்தான். கிரேஸி கரையில் நின்றாள். முதல் அலைக்குப் படகு மூக்கைத் தூக்கியபோது ஜாஸ்பரின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததாக மார்ட்டின் பிறகு சொன்னான். அம்புரோஸும் அதைப் பார்த்திருக்க வேண்டும். "ஆ, அப்படித்தான்லே, நிமிரு" என்று சத்தம் போட்டவர், சுக்கான் பிடியை ஒரு கணம் மறந்து மகனைப் பார்த்து நின்றுவிட்டார். அடுத்த அலை படகைப் பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்தது. மார்ட்டின் தூரத்தில் விழுந்து கவிழ்ந்த படகின் அடியைப் பற்றிக்கொண்டான். படகின் விளிம்பு அம்புரோஸின் வலது தோளில் இறங்கியது. ஜாஸ்பர் நனையக்கூட இல்லை. கடலுக்கு மேலே ஒன்றரை அடியில், அலை ஏறினால் ஏறியும் இறங்கினால் இறங்கியும், மடக்கிய காலோடு அமர்ந்திருந்தான்.

அம்புரோஸ் இடது கையால் நீந்தி மகனுக்குக் கீழே வந்துசேர்ந்தார். அந்தக் கையைத் தூக்கினால் முங்கினார், தூக்காவிட்டால் எட்டவில்லை. ஜாஸ்பர் குனியப் பார்த்தான். இடுப்பு மடங்கவில்லை. பல வருஷம் தட்டச்சுப் பலகை மேல் இருந்த தோள்கள் அந்த உயரத்திலேயே நின்றன, கைகள் முழங்காலுக்குக் கீழே போகவில்லை. நடுவே அரை முழம் இருந்தது.

"காலை எறக்குலே, பிடிச்சிக்கிடுதேன்."

"எறங்க மாட்டேங்குப்பா."

"பைய எறக்கு. அவசரம் இல்ல."

அவன் இறக்கினான். மனத்துக்குள் எத்தனையோ தடவை இறக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது, கால் அசையவில்லை. அம்புரோஸ் அதைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அலையேறி இறங்கிய ஒரு சமயத்தில் அவர் முகத்தில் அவசரம் போய்விட்டது. "சரி. விடுலே. நீ உக்காந்திரு" என்றார். அடுத்த அலை வந்து போனபோது அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது. துணைக்கு வந்த படகுகள் மார்ட்டினை ஏற்றின, ஜாஸ்பரைக் கயிறு கட்டி இழுத்துவந்தன. கால் தொங்கியிருந்தால் பிடித்திருக்கலாம் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். கிரேஸி அதைக் கேட்டாள். அவள் அதற்கு முன்பே அதை நினைத்துவிட்டிருந்தாள்.

உடல் மறுநாள் தெற்கே ஒதுங்கியது. பெட்டியைச் சுமக்க மகனின் தோள் மற்றவர்களின் இடுப்பு உயரத்துக்குத்தான் வந்தது என்பதால் ஊர்க்காரர்கள் சுமந்தார்கள், கிரேஸி அவனைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். கோயிலில் எல்லோரும் முழங்காலில் நின்றபோது அவன் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். பங்குச்சாமியார் அவனருகில் வந்து, "உன் முழங்கால் ஏற்கெனவே மடங்கித்தானே இருக்கு, கவலைப்படாத" என்றார். குழியில் போட மண்ணை அவன் கையில் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். பேட்டைக்குத் திரும்பும்போது லோடு ஆட்டோவின் பின்பக்கம் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"அன்னைக்கே உங்களை இழுத்துப் போட்டிருக்கணும்" என்றாள் கிரேஸி.

"இழுத்தியே."

"இன்னும் ஓங்கி இழுத்திருக்கணும்."

"எனக்கு அப்பா கண்ணு மட்டும்தான் கிரேஸி தெரியுது. எங்கன பாத்தாலும் தெரியுது."

வள்ளியூரில் ஆட்டோக்காரர் டீ குடிக்க இறங்கினார். அவர்களும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள்.

சித்திரையில் ஒரு கம்பெனிக்கு அவள் மறுபடி பேசப் போனாள். முன்னால் முப்பது நாற்பது பிள்ளைகள் வளைந்து உட்கார்ந்திருந்தார்கள். "இரண்டு பாதமும் தரையில்" என்று தொடங்கியவளுக்கு மேற்கொண்டு வாய் வரவில்லை. அவர்கள் ஏதோ பயிற்சி என்று நினைத்து அமைதியாகக் காத்திருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கிளினிக்கை அந்த மாதமே மூடினாள். அந்த வருஷம் மார்கழித் தொடக்கத்தில் பெருவெள்ளம் வந்தபோது பேட்டையிலும் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. கிரேஸி மாடிக்கு ஏறிவிட்டு, அவனைத் தள்ளிக்கொண்டு போக இறங்கி வந்தாள். தண்ணீர் ஏற ஏற அவனும் ஏறியிருந்தான். மேசையும் திரையும் முங்கிப்போன பிறகும் அவன் கண் திரை இருந்த இடத்திலேயே இருந்தது, விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. வெள்ளம் வடிந்து மாடியிலிருந்து கீழே கொண்டுவந்தபோது அவன் பழைய உயரத்துக்கு வந்தான். கம்பெனி புதிய கணினி அனுப்பியது.

இப்போது அந்தப் பக்கத்தில் இது புதுமை இல்லை. களக்காட்டில் ஒரு பெண் இருக்கிறாள். மகாராஜநகரில் அண்ணன் தம்பி இரண்டு பேர். லோடு ஆட்டோக்காரர்கள் அவர்களுக்கென்று பின்பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போட்டிருக்கிறார்கள். பாபநாசம்தான் அதை வளைத்துக் கொடுக்கிறார். வீட்டைப் பெருக்க வருகிற பாக்கியவதி ஜாஸ்பருக்குக் கீழே துடைப்பத்தை விட்டுப் பெருக்கிவிட்டுப் போகிறாள், நாற்காலிக் கால் இடைஞ்சல் இல்லாததால் சுலபமாக இருக்கிறது என்கிறாள். அவன் வேலையில் இன்னும் பிழை வருவதில்லை. அவன் அப்பாவைப் பற்றிப் பேசுவதில்லை. கட்டில் உள்ளறையில் கிடக்கிறது. அதில் துவைத்த துணிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து விளக்கை அணைத்த பிறகு கிரேஸி ஒரு பாயைக் கொண்டுவந்து அவனுக்கு நேர் கீழே விரித்துப் படுத்துக்கொள்கிறாள். அவனுக்குப் பக்கத்தில் படுப்பதென்றால் அந்த இடம்தான் உண்டு. தூக்கத்தில் அவள் புரண்டால் தோள் அவன்மீது இடிக்கும். இடித்த வேகத்தில் அவன் சுவர் வரை மிதந்து போய், சுவரில் பட்டு, பைய அவளுக்கு மேலேயே திரும்பி வந்து நிற்பான். அவள் விழிப்பதில்லை.