உமுடிக்கேயில் ஒரு கண்டனக் கூட்டம்

"அந்தத் தட்டை உள்ள கொண்டு போம்மா. பட்ட அவமானம் போதும்," என்றான் இகெம்பா.

அம்மா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கழுவித் துடைத்த கோலாக் கொட்டைகளைத் தட்டில் அடுக்கி, கூடத்து மேசை மேல் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். வந்தவர் முன்னால் கோலா வைக்காத வீடு இக்போ மக்களின் அந்தச் சீமையில் வீடே இல்லை. இந்த வீட்டில் வைத்தால் எவரும் எடுக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

"எடுக்கறதும் எடுக்காததும் அவங்க பாடு. வைக்கறது என் பாடு," என்றாள்.

"எத்தனை வருஷமா இதையே சொல்லுவே?"

"உனக்கென்னப்பா, நீ சீமை சீமையாப் போயிட்டே. நான்தானே இங்க கிடக்கிறேன்."

இகெம்பா பந்து உதைத்துப் பிழைத்தவன். பத்தொன்பது வயதில் மால்டோவாவில் ஆரம்பித்தது. அங்கே சம்பளம் ஒழுங்காக வரவில்லை. பிறகு சைப்ரஸ், அப்புறம் நார்வேயில் பனி மூடிய ஒரு மீன்பிடி ஊர், அதற்கப்புறம் இன்னும் இரண்டு நாடுகள். ஒரு கிளப்பின் பாட்டை மனப்பாடம் செய்வதற்குள் அடுத்த கிளப்பின் சட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆடின கால் சும்மா இருக்காது என்று சொல்வார்கள். அவன் காலோ, என்னைச் சும்மா விட்டால் போதும் என்று கெஞ்சும் நிலைக்கு வந்திருந்தது.

கடைசியாக ஆடிய ஊரில், அவன் பந்தைத் தொட்டபோதெல்லாம் கூட்டம் குரங்கு மாதிரி கத்தியது. ஒரு வாழைப்பழம் தோளில் வந்து விழுந்தது. இகெம்பா மைதானத்தை விட்டு நடந்தான். கிளப்காரர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்து, ஊருக்குப் போய் ஓய்வெடு என்றார்கள். திரும்பி வா என்று சொல்லவில்லை. அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்து உமுடிக்கே ஊரே கொதித்துப்போயிற்று. இன்று மாலை ஊர் மைதானத்தில் கண்டனக் கூட்டம். அவனை அழைக்கத்தான் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள் இப்போது வந்துகொண்டிருந்தார்கள்.

தங்கை ஓலுச்சி அடுப்படி வாசலில் நின்றாள். எனுகு நகரத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். அங்கேயே வேலை பார்க்கும் கெனேயும் அவளும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். கெனேயின் அப்பா அனோசிகேதான் ஊர்ச் சங்கத் தலைவர்.

"கேட்டுருவேல்லண்ணே?" என்றாள்.

"கேக்கறேன்."

"நீ கேட்டா அவர் தட்டமாட்டார்னு கெனே சொல்றான். ஊரே இன்னிக்கு உன் பக்கம்தானே நிக்குது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இதுவும் போச்சுன்னா, இனிமே நான் யாரையும் நம்பி நிக்கமாட்டேன்."

ஏற்கெனவே இரண்டு இடம் வந்தது. பெண் வீட்டைப் பற்றி விசாரிக்கப் போனவர்கள் விசாரித்த இடத்தோடு சரி, திரும்பி வரவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? இவர்கள் ஓசு. எந்தக் காலத்திலோ எவனோ ஒரு பாட்டன், தெய்வத்துக்கு அடிமையாக நேர்ந்துவிடப்பட்டவன். தெய்வம் போய் எத்தனையோ காலம். அந்தக் கோயில் இருந்த இடத்தில் இன்று தேவாலயம் நிற்கிறது. ஓசு என்று ஒருவரைச் சொல்லக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது. ஆனாலும் நேர்ந்துவிட்டது மட்டும் போகவில்லை. இகெம்பா ஊருக்குப் போட்டுக் கொடுத்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்குத் தீட்டு கிடையாது. அவன் வீட்டுக் கிண்ணத்துக்கு உண்டு.

அனோசிகே இரண்டு பேரோடு வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர் என்றே பேர். இகெம்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டவருக்குக் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை.

"தம்பி, அதைப் பாத்ததுலேருந்து எனக்கு ராத்தூக்கம் இல்லேப்பா. மனுஷனை மனுஷன் குரங்குன்னு சொல்றதா? அவன் ரத்தம் மட்டும் வெள்ளையா ஓடுது?"

"விடுங்கய்யா. பழகிப்போச்சு."

"பழகக்கூடாது. அதைத்தான் சொல்றேன்."

உட்கார்ந்தார்கள். மேசை மேல் இருந்த தட்டை மூவரும் பார்க்காதது போலப் பார்த்தார்கள். அனோசிகே அங்கியின் பையிலிருந்து கைக்குட்டையில் முடிந்த கோலாக் கொட்டை ஒன்றை எடுத்தார்.

"எனக்கு எங்க தோட்டத்துக் கொட்டைதான் ஒத்துக்குது. வயசாச்சு பாருங்க," என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆமாங்கய்யா, வயித்தைப் பாத்துக்கணும்," என்றாள் அம்மா, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

அவரே ஜெபம் செய்து, அவரே உடைத்து, கூட வந்தவர்களுக்குக் கொடுத்தார். பீர் வந்தது. மூடி திறக்காத பாட்டில் என்பதால் அதில் சங்கடம் இல்லை. பக்கத்தில் வைத்த கண்ணாடி டம்ளர்களை யாரும் தொடவில்லை, பாட்டிலோடு குடித்தார்கள். உள்ளே ஓலுச்சி விடியலிலிருந்து சமைத்த மிளகுக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

இகெம்பாவுக்கு எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் கேட்டான்.

"ஐயா, உங்க கெனேயும் எங்க ஓலுச்சியும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பறாங்க. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நீங்க சரின்னு சொன்னா, மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பேசலாம்."

கூட வந்த இருவரும் பாட்டிலின் ஒட்டுக் காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். அனோசிகே பாட்டிலைக் கீழே வைத்தார்.

"தங்கமான பொண்ணு," என்றார் கடைசியில். "அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்லே."

"அப்புறம் என்னய்யா?"

"தம்பி, நீ உலகம் சுத்தினவன். உனக்கு நான் சொல்லணுமா? நானா இந்த வழக்கத்தை உண்டாக்கினேன்? எனக்கு நாலு பொண்ணு இருக்கு. இந்த வீட்டுல சம்பந்தம் பண்ணினா அதுகளை எவன் கட்டுவான்? என் பொணத்தைத் தூக்க என் பங்காளி வருவானா?"

"இப்பத்தான் ரத்தம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொன்னீங்க."

"அது வேற, இது வேற. அங்க வெள்ளைக்காரன் நம்ம எல்லாரையும் அவமானப்படுத்திட்டான். இது நமக்குள்ள இருக்கற விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே." எழுந்துகொண்டார். "நாலு மணிக்கு வந்துரு. நீதான் பேசணும். உன் வாயால கேட்டாத்தான் சனத்துக்கு உறைக்கும்."

அவர்கள் போனபின் அம்மா தட்டை எடுத்து உள்ளே கொண்டு போனாள். ஓலுச்சி அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. குழம்பை மறுபடி சூடாக்கி மூன்று தட்டில் பரிமாறினாள்.

"நான் கூட்டத்துக்குப் போகலே," என்றான் இகெம்பா. "எனக்கு அலுத்துப்போச்சு. அங்கயும் இதே, இங்கயும் இதே."

"போண்ணே. பேசத்தானே கூப்பிட்டிருக்காங்க? போய்ப் பேசு," என்றாள் ஓலுச்சி. "நானும் வரேன்."

மைதானம் நிறைந்திருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். 'நாங்களும் மனிதர்களே' என்று பெரிய துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். முன்வரிசையில், அப்பாவின் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் கெனே உட்கார்ந்திருந்தான். ஓலுச்சி மதில் ஓரமாக நின்றாள். அனோசிகே மேடையில் அருமையாகப் பேசினார், கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நம்ம புள்ள பட்டதை அவன் வாயாலயே கேளுங்க," என்று மைக்கை இகெம்பாவிடம் கொடுத்துவிட்டு, கீழே வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இகெம்பாவுக்கு மேடைப் பேச்சு வராது. மெதுவாகத்தான் ஆரம்பித்தான்.

"நான் எத்தனையோ ஊருக்கு ஆடினவன். அதுல ஒரு ஊரைப் பத்திச் சொல்றேன். அந்த ஊருக்கு நான் கோல் போட்டா தலைக்கு மேல தூக்கி ஆடுவாங்க. ஆனா என் வீட்டுல கை நனைக்க மாட்டாங்க."

"வெட்கக்கேடு," என்றது கூட்டம்.

"நான் குடிச்ச டம்ளரை அவங்க தொடமாட்டாங்க. எங்கப்பா செத்தப்போ, அவங்க ஆளுங்களுக்குப் பக்கத்துல புதைக்க இடம் கொடுக்கலே. தனியா, ஓரமாத்தான் புதைச்சோம்."

"வெட்கக்கேடு." இந்த முறை சத்தம் இன்னும் பெரிதாக வந்தது. பின்வரிசைக் கிழவர்கள் சிலர் மட்டும் வாயை மூடிக்கொண்டார்கள். அனோசிகேயின் முதுகு நாற்காலியில் நிமிர்ந்தது.

"அந்த ஊர்ல ஒரு பையனுக்கு என் தங்கச்சியைப் புடிச்சிருக்கு. அவளுக்கும் அவனைப் புடிச்சிருக்கு. தங்கமான பொண்ணுதான், ஆனா உங்க ரத்தம் எங்களுக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. இன்னிக்குக் காலையில சொன்னாங்க."

மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளவட்டம் ஒருவன், வெளியூர்க்காரன், நாற்காலி மேல் ஏறி நின்றான். "அண்ணே, அது எந்த ஊரு? பேரைச் சொல்லுங்க. சும்மா விடக்கூடாது."

"உமுடிக்கே," என்றான் இகெம்பா.

நாற்காலி மேல் நின்றவன் கீழே இறங்கினான். அனோசிகே ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்துக் கையை அசைத்தார். ஒலிபெருக்கி நின்றது. பெரிய பெரிய மைதானங்களில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. இகெம்பாவுக்கு அது தேவைப்படவில்லை.

"உமுடிக்கே," என்று இன்னொரு முறை சொன்னான்.

ஓலுச்சி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து முன்வரிசைக்கு வந்தாள். அத்தனை பேர் முன்னால் கெனேயின் எதிரில் நின்றாள்.

"நாங்க வீட்டுக்குப் போறோம் கெனே. வரியா?"

கெனே அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. மேடையிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அண்ணனுக்குத் தோள் கொடுத்தாள். இருவரும் வாசல் பக்கம் நடந்தார்கள். ஜனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள், எப்போதும் ஒதுங்குகிறவர்கள்தானே.

வாசலைத் தாண்டும்போது ஒலிபெருக்கிக்கு மறுபடி உயிர் வந்தது. அனோசிகே தீர்மானத்தை வாசித்தார். மனிதனை மனிதன் இழிவுபடுத்தும் வெளிநாட்டாரின் கொடுமையை, உமுடிக்கே மக்கள் ஒருமனதாகக் கண்டித்தார்கள்.