ஒற்றைக் கையுறை ஏரியில் ஒரு மேடு

"அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். சிவப்பு ஒயரு சிவப்புல. இத்தனை வருஷம் கார் ஓட்டியிருக்கே, இது கூடவா தெரியாது?"

அர்லிஸ் கணவரின் கால்மாட்டில் சோனாரை வைத்துக்கொண்டு, பேட்டரியின் இரண்டு கவ்விகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரின் தலையணைக்குள் புதைந்து கிடந்தார். காலையில் வந்த நர்ஸ், இன்றோ நாளையோ என்று வாசலில் வைத்துக் காதோடு சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சாகக் கிடக்கிற மனுஷனுக்கு மனைவியிடம் சொல்ல எவ்வளவோ இருக்கும் என்று அர்லிஸ் எதிர்பார்த்திருந்தாள். ஒரினுக்கு இருந்தது இது ஒன்றுதான்.

அந்த சோனாரை அவள் சக்களத்தி என்றுதான் சொல்வாள். உறைந்த ஏரியில் துளை போட்டு, அதற்குள் அதன் ஒயர் நுனியில் இருக்கும் குமிழைத் தொங்கவிட்டால், கீழே தரை எவ்வளவு ஆழம், மீன் எங்கே நிற்கிறது என்று வட்டமான முகத்தில் வண்ணம் வண்ணமாகக் காட்டும். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரின் மூன்று சோனார் மாற்றியிருந்தார். மனைவியை மாற்றவில்லை என்பது ஒரு ஆறுதல். குளிரில் பேட்டரி செத்துப்போகும் என்று அதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய நாள்கூட உண்டு.

"குமிழ் நேரா தொங்கணும். சாய்ஞ்சா பொய் சொல்லும். பனி ஒட்டியிருந்தா தட்டாதே, உள்ளங்கையில வெச்சு உருக்கு. மேல இருக்கற திருகைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. ஒரேடியா ஏத்தினா எல்லாம் சிவப்பாயிடும், ஒண்ணும் புரியாது."

"கன்னாபின்னான்னு கோடு ஓடினா?"

"பக்கத்துல வேற எவனோ சோனார் போட்டிருக்கான்னு அர்த்தம். அது டெல்மராத்தான் இருக்கும்." ஒரின் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "அர்லிஸ், என் சாம்பலை அந்த மேட்டு மேலதான் போடணும். நீயே கண்டுபிடிச்சுப் போடு. டெல்மருக்கு மட்டும் தெரியக் கூடாது."

ஒற்றைக் கையுறை ஏரியின் அடியில், முப்பத்து நான்கு அடி ஆழத்துச் சேற்றுத் தரைக்கு நடுவில், ஒரு லாரி அளவுக்குப் பாறை மேடு ஒன்று இருக்கிறது. அதன் தலைக்கு மேல் பத்தொன்பது அடி தண்ணீர்தான். ஊரில் அது தனக்கு மட்டுமே தெரியும் என்பார் ஒரின். பக்கத்து வீட்டு டெல்மர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சனிக்கிழமை தவறாமல் வாசலில் வந்து நின்று, "எங்கேய்யா பிடிச்சே?" என்று கேட்பார். ஒரின், "தண்ணியில" என்பார். அதோடு கதவு சாத்தப்படும்.

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள் அர்லிஸ். "இடத்தைச் சொல்லு."

"ரெண்டு அடையாளம். சர்ச் கோபுரமும் சாய்ஞ்ச பைன் மரமும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரணும். அது ஒரு கோடு. அந்தக் கோட்டுலயே நட. இன்னொரு பக்கம் பார்த்தா..." என்று மூச்சு வாங்கியவர், அவள் கையைப் பார்த்துவிட்டார். கவ்வி மாட்டி முடித்த அர்லிஸ், பேட்டரியைக் கட்டிலுக்குக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். "ஐயோ, பேட்டரியைச் சில்லுத் தரையில வைக்காதே!"

அவள் பதறி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரினுக்கு அந்த ஒரு கத்தலே பெரிய வேலையாகிவிட்டது. கண்ணை மூடினார். கொஞ்சம் தூங்கட்டும், எழுந்ததும் மீதியைக் கேட்டுக்கொள்ளலாம் என்று அர்லிஸ் காத்திருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு, எழுந்திருக்காமலே போய்விட்டார்.

மகள் ஜோலீன் நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை பாஸ்டர் கிரெட்சன் குறிப்பேட்டோடு வந்து அடுப்படி மேசையில் உட்கார்ந்தார்.

"கடைசியா என்ன சொன்னார்? பிரசங்கத்துல சேர்த்துக்கலாம்."

அர்லிஸ் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். பாஸ்டரிடம் பொய் சொல்லவும் மனசு வரவில்லை. "பேட்டரியைச் சில்லுத் தரையில வைக்காதேன்னார்."

பாஸ்டர் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். "பரவாயில்ல. நம்ம இதயத்தைக் கதகதப்பா வெச்சுக்கணும்கற மாதிரி கொண்டுபோகலாம்."

"அவர் பேட்டரியைத்தான் சொன்னார்" என்றாள் அர்லிஸ்.

ஜோலீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தாய்க்கே தெரியவில்லை.

தகனம் முடிந்து சாம்பல் வந்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஏரியில் பிரார்த்தனை. வெள்ளி மத்தியானம் அர்லிஸ், ஒரினின் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, துளைக்கும் கருவியையும் சோனாரையும் சறுக்கு வண்டியில் ஏற்றி, தனியாகப் புறப்பட்டாள். பேட்டரி சட்டைக்குள், வயிற்றோடு இருந்தது. ஜோலீனும் வருகிறேன் என்றாள். ரகசியம் தெரிந்தவர்கள் எண்ணிக்கை கூடக் கூடாது என்று அவளை வீட்டில் விட்டுவிட்டாள்.

கோபுரமும் பைன் மரமும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வந்தன. அந்தக் கோடு கரையிலிருந்து கரைக்கு ஒரு மைல் இருக்கும். அதில் எங்கே என்பதுதான் ஒரினோடு போய்விட்டது.

முதல் துளை போடவே கால் மணி நேரம் ஆயிற்று. குமிழை இறக்கினாள், திருகை ஏற்றினாள், எல்லாம் சிவப்பாயிற்று. திருகைக் குறைத்தாள். முப்பத்து நாலடி. இருபது தப்படி நடந்து அடுத்தது. முப்பத்து நாலு. மூன்றாவதில் நாற்பத்தாறு காட்டியது, குமிழ் சாய்ந்திருந்தது. நிமிர்த்தினாள், முப்பத்து நாலு. ஏழாவது துளையில் வட்டம் முழுக்கக் கோடுகள் பைத்தியம் பிடித்து ஓடின.

அர்லிஸ் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நூறு தப்படியில் ஒரு நீலத் துணிக் கூடாரம். அவள் வந்தபோது அது அங்கே இல்லை.

"டெல்மர்! வெளிய வா!"

கூடாரத்தின் ஜிப் மெதுவாகத் திறந்தது. டெல்மர் முதலில் தொப்பியை நீட்டி, பிறகு தலையை நீட்டினார்.

"அட, அர்லிஸா? இங்க என்ன பண்றே?"

"செத்தவரை வெச்சுக்கிட்டு வேவு பார்க்கறியா? வெக்கமா இல்ல?"

"வேவு இல்லம்மா. தனியா வந்திருக்கே. வடக்குப் பக்கம் பனி மெலிசா இருக்கு. விழுந்து வெச்சா யாரு தூக்கறது? அதான், இங்கயே உட்கார்ந்து மீன் பிடிச்ச மாதிரியும் இருக்கட்டும்னு..."

"நான் விழுந்தா நானே எழுந்துப்பேன். சோனாரை அணைச்சுட்டு உள்ள போ."

அவர் போனார். கோடுகள் நின்றன. எட்டு, ஒன்பது, பத்து. எல்லாம் முப்பத்து நாலு. பதினொன்றாவது துளையில் துளைக்கும் கருவி முக்கி முனகித்தான் இறங்கிற்று, அங்கேயும் முப்பத்து நாலு. சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தான். அர்லிஸ் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தாள்.

எங்கே கொட்டினாலும் யாருக்குத் தெரியப்போகிறது? பாஸ்டருக்குத் தெரியாது, ஜோலீனுக்குத் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியுமே. சேற்றில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அந்தக் கட்டிலில் எப்படிப் படுப்பது? பேட்டரியைத் தரையில் வைக்காமல் இருந்திருந்தால் இரண்டாவது அடையாளத்தையும் சொல்லியிருப்பார். அதை நினைத்ததும் அழுகை வந்தது. கண்ணீர் இமையிலேயே உறைந்து கண்ணைக் குத்தியது, அழக்கூட வசதியில்லாத ஊர்.

இரண்டு வாக்கில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். அவள் எழுந்தாள்.

"டெல்மர்!"

"அணைச்சுட்டேன்!"

"அதில்ல. இங்க வா."

டெல்மர் கெட்டிலோடு வந்தார்.

"நான் இப்ப சொல்லப் போறது உனக்குத் தெரியாதுன்னு சத்தியம் பண்ணு."

"என்ன சொல்லப் போறே?"

"முதல்ல சத்தியம்."

"சரி, தெரியாது. சத்தியம்."

"ஒரினோட மேடு. ஒரு அடையாளம்தான் சொன்னார். கோபுரமும் சாய்ஞ்ச பைன் மரமும். இன்னொண்ணு சொல்றதுக்குள்ள..."

டெல்மர் கெட்டிலைப் பனியில் வைத்தார். தொப்பியைக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டார்.

"இன்னொண்ணு தண்ணித் தொட்டியும் மர மில்லுப் புகைபோக்கியும்" என்றார். "ரெண்டும் ஒட்டினாப்ல வரணும். நீ ஐம்பது தப்படி தாண்டி வந்துட்டே."

அர்லிஸ் அவர் முகத்தையே பார்த்தாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"பதினெட்டு வருஷம். ஒரு தடவை அவனுக்கு ஜுரம். துளையைப் பனி போட்டு மறைக்காமலே வீட்டுக்கு வந்துட்டான். நான் எட்டிப் பார்த்தேன்."

"அங்க மீன் பிடிச்சியா?"

"மூணு. திரும்ப விட்டுட்டேன். அவனோட இடமாச்சே."

"பின்னே எதுக்குய்யா சனிக்கிழமை சனிக்கிழமை வாசல்ல வந்து நின்னு உசிரை வாங்கினே?"

டெல்மர் பூட்ஸ் நுனியால் பனியை நோண்டினார். "சொல்ல மாட்டேன்னு சொல்றப்போ அவன் மூஞ்சியைப் பார்த்திருக்கியா நீ?"

பார்த்திருக்கிறாள். கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்கு வந்து, மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். அன்றைக்கு மட்டும் இரண்டு கப் காபி குடிப்பார். வாரம் முழுக்க அந்த மனுஷனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இருந்ததில்லை. இந்த ஆளை முப்பது வருஷமாகத் திட்டித் தீர்த்தோமே என்று இருந்தது.

"நட" என்றாள்.

ஐம்பது தப்படி பின்னால் வந்ததும், அவள் துளைக்கும் கருவியைத் தூக்கினாள். டெல்மர் கையைப் பிடித்துத் தடுத்தார். பனியின் மேல் இருந்த தூளைக் காலால் தள்ளி, கெட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, குமிழை அந்த ஈரத்தில் நிறுத்தினார். துளையே இல்லாமல், பனிக்கட்டிக்கு ஊடாகவே வட்டம் எரிந்தது. பத்தொன்பது அடியில் தடிமனாக ஒரு சிவப்புப் பட்டை.

"துளை போடாமலே பார்க்க முடியுமா?" அர்லிஸுக்கு ரத்தம் கொதித்தது. "பதினோரு துளை போட்டேன்! பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"உள்ள போன்னு சொன்னியே" என்றார் டெல்மர்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு இருபது பேர் அந்த மேட்டின் மேல் வட்டமாக நின்றார்கள். டெல்மருக்கே தெரிந்தபின் ஊருக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று அர்லிஸ் விட்டுவிட்டாள். பெரிய துளை ஒன்று வெட்டியிருந்தது. பக்கத்தில் சின்னத் துளையில் சோனாரின் குமிழ் நேராகத் தொங்கியது. அதை எதற்கு வைத்தாய் என்று ஜோலீன் கேட்டதற்கு, "சரியான இடத்துலதான் இருக்கோமான்னு பார்க்க வேண்டாமா?" என்றாள் அர்லிஸ். பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்தார். இதயத்தின் கதகதப்பு வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று.

அப்போது வட்டத்தில், சிவப்புப் பட்டையிலிருந்து இன்னொரு சிவப்புக் கோடு பிரிந்து, மெல்ல மேலே வந்தது.

முதலில் பார்த்தவர் டெல்மர். அவர் முழங்கையால் இடித்ததில் அடுத்தவர் பார்த்தார். அரை நிமிஷத்தில் குனிந்திருந்த தலைகளெல்லாம் ஒரே பக்கமாகக் குனிந்திருந்தன.

"பெருசு" என்றது ஒரு குரல்.

"ஷ்ஷ், காலை அசைக்காதீங்க" என்றது இன்னொன்று.

பாஸ்டர் கண்ணைத் திறந்து பார்த்து, ஒரு வார்த்தையின் பாதியில் நின்றுபோனார். அவரும் அந்த ஊரில் பிறந்தவர்தான். இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு தூண்டில்கூட இல்லாமல், அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது பன்னிரண்டடி வரை வந்து, யோசித்து, இறங்கிப் போயிற்று. எல்லாரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

"ஆமென்" என்றார் பாஸ்டர், வேறு வழியில்லாமல்.

ஜோலீன் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரிப்பு அழுகையாக மாறியபோது பாஸ்டர் அவளைத் தோளோடு அணைத்துக் கரைக்குக் கூட்டிப் போனார். சர்ச்சில் சூடான சாப்பாடு காத்திருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். சாம்பலை நானும் டெல்மரும் மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்று அர்லிஸ் முன்னமே சொல்லிவைத்திருந்தாள்.

அவள் துளையின் அருகே மண்டியிட்டு, பெட்டியைச் சாய்த்தாள். எதிர்ப்பக்கம் டெல்மரும் சிரமப்பட்டு மண்டியிட்டார். சாம்பல் தண்ணீரில் ஒரு கணம் மிதந்து, கலங்கி, மறைந்தது. பிறகு வட்டத்தில் மெல்லிய பச்சைக் கோடுகள் பூத்தன. ஒன்றல்ல, முப்பது நாற்பது, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இறங்கின.

"ஆறடி" என்றார் டெல்மர், பழக்க தோஷத்தில். "ஒன்பது. நேராத்தான் போறான். பன்னிரண்டு."

அர்லிஸ் திருகில் கையை வைத்தாள்.

"பதினாலு. பதினஞ்சு..."

டெல்மர் அதோடு எண்ணுவதை நிறுத்தினார். கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தார். பச்சைக் கோடுகள் இறங்கிக்கொண்டேயிருந்தன.

"பதினாறு" என்றாள் அர்லிஸ். திருகைக் கொஞ்சம் ஏற்றினாள். "பதினேழு. பதினெட்டு."

கடைசிப் பச்சையும் சிவப்பில் கலந்தது. பட்டை ஆடாமல் நின்றது. துளையின் ஓரத்தில் தண்ணீர் மெல்லியதாய் உறையத் தொடங்கியிருந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.