கையால் எடுப்பது, போய் அழைத்து வருவது

வெளிநாட்டில் ஒரு பேட்டரி கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிற அவனுக்கு அறைக்காரர்கள் வைத்த பெயர் கிளிப்பிள்ளை. குளிக்கும்போதும் சீன வினைச்சொற்களை முணுமுணுப்பவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? முதலாளி சீனர். கம்பெனி வைக்கும் சீன வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் குடும்பத்தோடு இருக்க வீடு. கல்யாணமானதிலிருந்து மனைவியோடு சேர்ந்து இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தமிழில் எதையும் எடுத்துக்கொள்ளலாம், வாங்கிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். சீனத்தில் அப்படி விடுவதில்லை. கையால் எடுத்தால் 'நா'. ஒப்படைத்து வைத்ததைப் போய் எடுத்தால் 'ச்யூ'. அனுப்பியது வந்து சேர்ந்தால் 'ஷோவ்'. ஆளைப் போய் அழைத்து வந்தால் 'ஜியே'.

அவன் அனுப்பிய பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி ஊரிலிருந்து தினமும் போனில் கேள்வி கேட்டாள். தப்பாகச் சொன்னால் லேசில் விடமாட்டாள். விமான நிலையத்திலிருந்து அவளை 'நா' பண்ணுவதாக ஒருநாள் உளறிவிட்டான்.

"பொண்டாட்டி என்னடா டிரங்குப் பெட்டியா, தூக்கிட்டு வர்றதுக்கு?" என்றான் மேல்கட்டிலில் படுத்திருந்த நண்பன். போனில் அவள் சிரித்து அடங்க வெகு நேரமானது.

தேர்வன்று காலை அவளே கூப்பிட்டாள். ஊரில் சீனர்கள் நடத்தும் மொத்தக் கடையில், போனில் ஆர்டர் எடுக்கும் வேலை கிடைத்துவிட்டதாம். சீனத்தில் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாளாம்.

"உங்கள கேள்வி கேட்டுக் கேட்டே எனக்கு வந்துடுச்சுங்க. நான் அங்க வரல."

"வீடு குடுப்பாங்க."

"அங்க வந்து செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காரணும். வேணாங்க."

சரி என்றான். கோபம் வரும் என்று நின்று பார்த்தான். வரவில்லை. பஸ்தான் வந்தது.

தேர்வு நடத்திய அம்மாள் மேசைமேல் பேனாவையும் பார்சலையும் வைத்து, எதற்கு எந்தச் சொல் என்று கேட்டாள். அவன் ஒன்றிலும் பிசகவில்லை. கடைசியாக, 'ஜியே' வைத்து ஒரு வாக்கியம். அடுத்த மாதம் விமான நிலையத்துக்குப் போய் மனைவியை அழைத்து வருவேன் என்றான். முழு மதிப்பெண் போட்டுவிட்டு, எந்தத் தேதியில் வருகிறாள் என்று அக்கறையாக விசாரித்தாள். இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்றான். அதுவும் இலக்கணப்படி சரியாக இருந்தது.

அந்த வாரமே சாவி கொடுத்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, வெள்ளையடித்த வாசனை. கட்டிலை மாடியேற்ற நண்பன் கைகொடுத்தான். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றான்.

"தங்கச்சி எப்ப வருது?"

"செவுத்துல இடிக்குது பாரு," என்றான் அவன். "உன் பக்கம் கொஞ்சம் தூக்கு."