சந்தூக்குப் பிடி

ஞானசேகரனுக்குக் கோபம் சட்டென்று வராது. வந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும். மச்சினன் கண்ணாயிரத்தை அன்றைக்கே நாலு அறை அறைந்து, உட்கார்ந்து அழுது, அதோடு விட்டிருப்பார். அவருடையதோ ஊறப்போட்ட கோபம். ஐப்பசியில் ஊற ஆரம்பித்தது, தை பிறந்தபோது அப்பாவின் பழைய பிஸ்டலை வெளியே எடுக்க வைத்தது.

நடந்தது இதுதான். கடலூர் முதுநகரில், தூரத்தில் நிற்கும் கப்பலுக்குப் போய்விட்டுத் திரும்பிய படகு ஒன்று முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. படகில் இருந்தது இரண்டே பேர். ஒருவன் ஞானசேகரனின் தம்பி ராமாமிர்தம். இன்னொருவன் மனைவி புஷ்பவள்ளியின் தம்பி கண்ணாயிரம். கண்ணாயிரம் மட்டும் கரையேறினான். ராமாமிர்தத்தின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. "என்னடா ஆச்சு?" என்று யார் கேட்டாலும் கண்ணாயிரம் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதமாகத் திறக்கவில்லை. தன் உயிருக்காக என் தம்பியைத் தள்ளிவிட்டிருக்கிறான், அவனைச் சுட்டுவிட வேண்டியதுதான் என்று ஞானசேகரன் முடிவுகட்டிவிட்டார்.

பிஸ்டல், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரிடம் அப்பா வாங்கியது. லைசென்ஸ் உண்டு. ஆனால் பிடியின் இரண்டு பக்கத்து ரப்பர் சில்லும் நொறுங்கி, இரும்புச் சட்டம்தான் மிச்சம். கயிறு சுற்றிப் பார்த்தார், வேர்வையில் வழுக்கியது. கடலூர் துப்பாக்கி ரிப்பேர்க்காரர், "இந்த மாடலுக்குச் சீமையிலயே இப்ப பிடி கெடைக்காதுங்க" என்று கைவிரித்தார். கத்திக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் ஆளின் கைக்குத் தக்கபடி மரப்பிடி போடுகிற அப்துல் வதூது என்பவர் சிதம்பரத்தில் இருப்பதாகவும் அவரே சொன்னார். ஞானசேகரன் பஸ் ஏறினார்.

"முந்திரித் தோப்புல நரித் தொல்லை ஜாஸ்தி பாய்," என்றார், வதூது கேட்காமலேயே.

வதூது லைசென்ஸைப் பார்த்துவிட்டு, இளக்கிய தேன்மெழுகு உருண்டையை நீட்டினார். "இதப் புடிங்க. பிஸ்டல் புடிக்கிற மாதிரியே புடிக்கணும். என்னங்க, கை இப்பிடி வேர்க்குது? ஈட்டி மரமும் இருக்கு, கருங்காலியும் இருக்கு, ஆனா ஒங்க கைக்கு அதெல்லாம் வழுக்கும். லால்பேட்டையில ஒரு பழைய சந்தூக்கக் கழிச்சாங்க. அந்த மரம் எங்கிட்ட கெடக்கு. நூறு வருஷத் தேக்கு. செல பேரு அதுன்னா வேணாம்பாங்க. ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

ஞானசேகரன் வீட்டிலும் சந்தூக்கு உண்டு. தாசில்தார் ஆபீசில் வேலை பார்த்த அப்பா, பத்திரம் வைக்கிற மரப்பெட்டியை அப்படித்தான் சொல்வார். பெட்டி மரத்தை வேண்டாம் என்கிறவன் எவன்?

"எனக்கென்ன பாய்? அதையே போடுங்க."

எட்டு நாள் கழித்துப் பிடி தயாராகிவிட்டது. மெழுகில் பதிந்த விரல் பள்ளங்கள் ஐந்தும் அப்படியே மரத்தில் இறங்கியிருந்தன. கையில் எடுத்ததும் மரம் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டுக் கொடுத்த மாதிரி. பஸ்ஸில் மடியிலிருந்த பையில் பன்னீரும் கற்பூரமும் மணத்தன. பக்கத்து சீட்டுக்காரர் ஒருமுறை பையைப் பார்த்தார், பிறகு எழுந்துபோய் நின்றுகொண்டார்.

கனம் மறுநாள் ஆரம்பித்தது. பீரோவிலிருந்து எடுத்த ஞானசேகரனின் கை தாழ்ந்துபோயிற்று. தன் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தார். ஒரு கிலோ சொச்சம்தான் காட்டியது. திரும்பக் கையில் எடுத்தால் அரிசி மூட்டையாகக் கனத்தது. நாளுக்கு நாள் ஏறியது. அவருக்குப் பயம் வந்துவிட்டது, ஆனால் யாரிடம் போய் இதைச் சொல்வது?

"தோள்ல என்னங்க, இப்பிடிச் செவந்து கெடக்கு?" என்று புஷ்பவள்ளி ஒரு காலையில் கேட்டாள். "எதையாவது சொமந்தீங்களா?"

கண்ணாடியில் பார்த்தார். இடது தோளில், உலக்கையை அழுத்தி வைத்தாற்போல நீளமாக ஒரு தடம். அன்றே சிதம்பரத்துக்கு ஓடினார்.

"பாய், கனக்குது."

வதூது இழைப்புளியைக் கீழே வைத்தார். "கனக்காம என்ன செய்யும்? எத்தினி மவுத்தப் பாத்த மரம் அது."

"பெட்டி மரந்தானே?"

"பெட்டியா? அட, என்னங்க நீங்க! சந்தூக்குன்னா, எங்காளுங்க யாராச்சும் செத்தா மையித்த வச்சு மையத்தாங்கொல்லைக்குத் தூக்கிட்டுப் போவோமே, அது. தோள் வைக்கிற கொம்புலதான் ஒங்களுக்குப் பிடி செஞ்சேன். நூறு வருஷமா ஜனங்க தோள்பட்டு ஊறின எடம், அதான் வழுக்காதுன்னேன். கேட்டுத்தானே செஞ்சேன்?"

ஞானசேகரன் இடது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க," என்று வதூது குரலைத் தாழ்த்தினார். "சந்தூக்க எவனும் தனியா தூக்க மாட்டான். வழியில எதிர வர்றவன், அவன் யாரா இருந்தாலும், வந்து நாலு எட்டு தோள் குடுப்பான். தனியா தூக்குனா கனக்கத்தான் செய்யும். கழட்டிக் குடுங்க, வேற போட்டுத் தர்றேன்."

வேறு ஆளாக இருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பார். ஊறிய கோபம் விடவில்லை. ஒரே ஒரு தடவை தூக்கிச் சுட்டால் போதும், அதற்குப் பிறகு கனத்தால் என்ன, கனக்காவிட்டால் என்ன? திரும்பி வந்தவர், அடுத்த நாள் உச்சிவேளையில் பிஸ்டலை இரட்டைக் காது பையில் போட்டுக்கொண்டு, முதுநகரில் கண்ணாயிரம் வேலை பார்க்கும் படகுத்துறைக்கு நடந்தார்.

கனம் முழங்காலை மடக்கியது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவருடையது அல்ல, பத்திருபது பேர் வேகவேகமாக வருகிற சத்தம். நின்றால் அதுவும் நின்றது. திரும்பினால் வெயிலில் வெறும் தெரு. எதிரே வந்த லால்பேட்டை வியாபாரி ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஏனென்று தெரியாமலே ஓரமாக ஒதுங்கி நின்றார்.

இரண்டு தடவை பையைக் கீழே போட்டுவிடப் பார்த்தார். மூன்றாவது தடவை படகுத்துறை வாசலிலேயே தடுமாறினார். உள்ளேயிருந்து ஓடிவந்தது கண்ணாயிரம்.

"என்ன மாமா இது, குடுங்க இப்பிடி!" என்று பையை வாங்கிவிட்டான்.

வாங்கியவனின் முகம் வெளுத்தது. பையைப் பிரித்துப் பார்க்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

"இந்தக் கனம் எனக்குத் தெரியும் மாமா," என்றான். "இதே கனந்தான். தண்ணிக்குள்ள அவன் கையப் புடிச்சிக்கிட்டே இருந்தேன். ரொம்ப நேரம் புடிச்சிருந்தேன். கை மரத்துப்போச்சு. அவன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். விட்டுட்டேன் மாமா. நாந்தான் விட்டுட்டேன். இத எப்பிடி வாயால சொல்றது?"

மூன்று மாதம் காத்திருந்த வார்த்தை கிடைத்துவிட்டது. ஞானசேகரன் தன் கையைப் பார்த்தார். ஒரு மைல் தூரத்துக்குள் இரண்டு தடவை விடப் பார்த்த கை. தம்பியை யாரும் தூக்கவேயில்லை, ஒரு பாடையில்கூட அவன் போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தெருவிலேயே அழுதார்.

பிறகு பையின் ஒரு காதை அவர் பிடித்தார், மறுகாதைக் கண்ணாயிரம் பிடித்தான். இருவரும் முகத்துவாரம் வரை பேசாமல் நடந்தார்கள். பின்னால் காலடிகள் கூடவே வந்தன. கண்ணாயிரத்துக்கும் கேட்டது, ஆனால் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கனம் கொஞ்சம் தாங்கும்படியாக இருந்தது.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பையை அமிழ்த்தினார்கள். கண்ணாயிரம் கையை எடுத்துவிட்டான். ஞானசேகரனின் விரல்கள் மட்டும் காதைச் சுற்றி இறுகிக் கிடந்தன, பிரிக்க வரவில்லை. கண்ணாயிரம் அந்த விரல்களைத் தொட்டான்.

"விடுங்க மாமா."

ஞானசேகரன் விட்டார்.