துண்டுக்குள் ஏழு நாள்

ராக்கெட் விடும் நாடு, அதை எத்தனை நாள் முன்கூட்டி மற்ற நாடுகளுக்குச் சொல்ல வேண்டும்? இந்த ஒரு கேள்வியில் ஐந்து நாடுகள் நான்கு நாளாக மாட்டிக்கொண்டு நின்றன. 1965ஆம் வருஷம், பெங்களூரில் கப்பன் பார்க்கை ஒட்டிய ஓர் ஓட்டல் மண்டபம். விண்வெளிக்கு ஐவரும் சேர்ந்து எழுதும் பொதுக் கொள்கையில் மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. இதில் மட்டும் ஒருவர் முப்பது நாள் என்பார், இன்னொருவர் ஒரு நாளே அதிகம் என்பார். உள்ளபடி எதற்கு இறங்கி வருவார் என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதலில் வாய்விட்டவன் தோற்றான் என்பது சந்தைக்கும் சபைக்கும் ஒரே சட்டம்.

மாநாட்டுச் செயலாளர் சேஷகிரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்று மாலைக்குள் கையெழுத்தானால் நிரந்தர அலுவலகம் பெங்களூரிலேயே அமையும், அதன் தலைமை நாற்காலியும் அவருக்கே. இல்லாவிட்டால் பேச்சு வேறு ஊருக்குப் போகும். அவர் டெல்லிக்குப் போய்ப் பழையபடி கோப்புக்கு நாடா கட்ட வேண்டியதுதான்.

அவர் அப்பா சிக்பேட்டையில் பட்டுத் தரகர். கைகளைத் துண்டால் மூடி, அடியில் விரலை அழுத்தியே விலை பேசி முடிப்பார். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

சேஷகிரி ஓட்டல் துண்டு ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். உள்ளபடி சம்மதிக்கும் நாளை அடியில் அழுத்துங்கள், ஒரு விரலுக்கு ஒரு நாள் என்று சொல்லிவைத்தார். பிரதிநிதிகளுக்கு ஒரே ஆச்சரியம். ஒருவர் துண்டைத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தார். ஆனாலும் ஐந்து பேரும் தனித்தனியே கை கொடுத்தார்கள்.

முதலாமவர் ஐந்து விரலை அழுத்தி, மறுபடி இரண்டை அழுத்தினார். ஏழு. அடுத்த மூவரும் ஏழு. ஐந்தாவதாகக் கை கொடுத்த ஃபாத்திமா அம்மாளும் ஏழு.

டைப்பிஸ்ட் அலெக்சாண்டர் துள்ளினான். "எல்லாரும் ஏழா? இதுக்கா சார் நாலு நாள் சண்டை? போய்ச் சொல்லிடறேன்."

"ஸ்வல்ப இருப்பா, கொஞ்சம் பொறு. சொன்னே, கெட்டோம்."

"ஏன் சார்?"

"கேட்ட விலைக்கே உடனே புடவையைக் கட்டிக் கொடுத்துப் பாரு. ஏமாந்துட்டோம்னு வாசல் தாண்டறதுக்குள்ள திரும்பி வருவா. போய்க் காபி சொல்லு, மெதுவா வரட்டும்."

பிறகு சேஷகிரி ஒவ்வொரு அறையாகப் போனார். உதட்டைப் பிதுக்கினார், பெருமூச்சு விட்டார், "மத்தவங்களைக் கேட்டுப் பார்க்கணும்" என்று வெளியே வந்து தூணருகே வெறுமனே நின்றார். மூன்று சுற்று காபி ஆயிற்று. நாலு மணிக்கு, முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏழுக்கு எப்படியோ சம்மதிக்க வெச்சுட்டேன்" என்றார். நால்வரும் ஜெயித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார்கள்.

ஃபாத்திமா அம்மாள் மட்டும் பேனாவைத் திறந்து நிறுத்தினார்.

"மிஸ்டர் சேஷகிரி, மத்த நாலு பேர் என்ன அழுத்தினாங்க?"

சேஷகிரிக்கு நாற்காலியின் ஒரு கால் ஒடிகிற சத்தம் கேட்டது.

"துண்டுக்குள்ள நடந்ததை வெளியில சொல்ற வழக்கம் எங்க தெருவில இல்லீங்க."

அந்த அம்மாள் அவரையும் காலிக் காபிக் கோப்பைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கப்பாவுக்குத் துறைமுகத்துல ஏலக்காய் வியாபாரம். அவரும் இப்படித்தான், பேரம் படிஞ்சப்புறம் காபி வரவழைப்பார்."

கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தத் துண்டை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். சேஷகிரி இன்னொரு சுற்று காபிக்குச் சொல்லியனுப்பினார்.