முதல் மழைக்கு ஒரு வாரம் முன்னால்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. இன்று காலை அக்காவிடம் பேரம் பேசி வாங்கியது. "எழுதிக்கோ, ஆனா நான் அழுத மாதிரி மட்டும் எழுதிடாதே" என்றாள். ஒரே ஒரு இடத்தில் கண் கலங்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சுவதோடு முடித்துக்கொண்டோம். கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை.

முதல் தொடக்கம்: 'வானம் கருத்துக் கிடந்த அந்த மாலைப் பொழுதில், அவள் ஜன்னலோரம்...' [அடித்துவிட்டேன். மேகத்தை இத்தனை சீக்கிரம் எடுத்துக் காட்டினால் மதிப்புப் போய்விடும்.]

இரண்டாம் தொடக்கம்: என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், குடை வியாபாரி.

[இது போதும். உண்மையும் அதுதான்.]

2

மழை பெய்தால் அத்தானால் கடையை விட்டு நகர முடியாது. பெய்யாவிட்டால் சரக்கு எடுக்க ஆலைக்குப் போகவேண்டும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இருவரும் சேர்ந்து போன வெளியூர்கள் இரண்டுதான்: கைப்பிடி செய்யும் ஊர், கம்பி செய்யும் ஊர்.

போன மாதம் அக்கா ஒரு விளம்பரத்தைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டினாள். ஒரு கண்டத்தையே தெற்கிலிருந்து வடக்காக ரயிலில் கடக்கும் பயணம். கடலோரம், மணல்காடு, மலை, குளிர்நாடு என்று ஏழு ஊர்கள், இருபத்தாறு நாள்.

"இந்தத் தடவை நீங்க வரலைன்னா நான் தனியாப் போயிடுவேன்."

"போயிட்டு?"

"போட்டோகூட அனுப்ப மாட்டேன்."

[இந்த இடத்தில் அத்தானை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் எதிர்க்கடையில் வாங்கிய குடையின் கம்பி முறிந்தாலும், கொண்டுவந்து நீட்டினால் உட்கார்ந்து சரிசெய்து கொடுக்கிற மனிதர். அவரை வில்லனாக்கினால் என் பேனாவே கம்பி முறிந்து நிற்கும்.]

3

பயண அலுவலகத்து அம்மாள் பொறுமைசாலி. "சீசன்ல போனா கூட்டம். ஆஃப் சீசன்ல போனா பாதி ஓட்டல் பூட்டியிருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு பாருங்க, அதைப் பிடிக்கணும்" என்றார். ஏழு ஊர்களுக்கும் வாரவாரியாக வெப்பம், மழை எல்லாம் போட்ட அட்டவணையை நீட்டினார்.

அத்தான் மேலோட்டமாகப் பார்த்தார். "மலையூர்ல நாலு டிகிரியா? கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்கம்மா."

"சார், அது வானிலை. நான் வச்ச விலை இல்லை."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

அக்கா மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். அத்தான் பேரத்தை அதோடு விட்டார். பென்சிலை வாங்கிக் குனிந்தார். நம் ஊரில் முதல் மழை வாரம் முடிந்த மறுநாள் புறப்பாடு என்று வைத்துக்கொண்டு, பத்து நிமிஷத்தில் ஏழு ஊருக்கும் ஏழு டிக் போட்டார். இத்தனை ஆசையாக அவர் எதையும் செய்து அக்கா பார்த்ததில்லையாம். 'அந்தப் பத்து நிமிஷமும் அவள் மனம் ஒரு பட்டாம்பூச்சியைப் போல...' [வேண்டாம். அக்காவுக்குப் பூச்சி என்றாலே ஆகாது.]

4

இரண்டு நாள் கழித்து முழுத் திட்டமும் வந்தது. அக்கா சமையலறையில் நின்றபடியே படித்தாள். மூன்றாவது பக்கத்தில் அடுப்பை அணைத்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. ஏழு ஊர்லயும் மழை."

"இருக்காதே."

"நாம போய் இறங்குற அன்னிக்கு, எல்லா ஊர்லயும், முதல் மழை."

அத்தான் வாங்கிப் பார்த்தார். ஏழு டிக்கும் ஏழு ஊர்களில் மழை தொடங்கும் வாரத்தில், கச்சிதமாக.* வருஷாவருஷம் ஆலைக்கு ஆர்டர் கொடுக்குமுன் இதே மாதிரி ஓர் அட்டவணையில்தான் அவர் டிக் போடுவார்: எந்த ஊரில் மழை எப்போது பிடிக்கும், எந்த ஊர்க் கடைக்குச் சரக்கை எப்போது அனுப்பவேண்டும் என்று. பென்சில் கையில் ஏறியதும் கை தன் வேலையைப் பார்த்துவிட்டது.

"பழக்கதோஷம்டி" என்றார், அகப்பட்ட திருடனின் குரலில்.

"இருபத்தாறு வருஷம் குடை வித்தாச்சு. ஒரே ஒரு தடவை, ரெண்டு கையையும் சும்மா வீசிக்கிட்டு உங்களோட ஒரு தெருவுல நடக்கணும். அவ்வளவுதானே கேட்டேன்?"

[மூக்கை உறிஞ்சினாள். ஒப்பந்தப்படி.]

* மணல்காட்டு ஊரில் வருஷத்துக்கு நாலே நாள்தான் மழை. மனிதர் அதில் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார்.

5

அடுத்து நடந்ததை நான் கற்பனை செய்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அக்கா எங்களையும் இழுத்துக்கொண்டு பயண அலுவலகத்துக்கே போய், அதே பென்சிலை வாங்கி ஏழு டிக்கையும் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளிப் போட்டாள். முதல் மழை எப்போது என்று துல்லியமாகச் சொல்ல இவரைவிட ஆள் கிடையாது. அப்படியானால் அதற்கு முந்தின வாரம்?

பயண அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "எல்லா ஊர்லயும் வெயில், கூட்டமும் இல்ல. இப்படி ஒரு திட்டம் எங்களுக்கே வராதுங்க."

ஒரே சிக்கல். புறப்பாடும் ஒரு வாரம் முன்னால் வருகிறது. அது நம் ஊரின் முதல் மழை வாரம். வீட்டில் குடை இருக்கிறதா என்று ஊரே தேடி, இல்லையென்று தெரிந்து, அத்தான் கடை வாசலில் வந்து நிற்கிற வாரம்.

"கடையை நான் பாத்துக்கறேன் அத்தான்" என்றேன்.

"மாப்ளே, நீ ஒரு குடையை விரிச்சுக் காட்டுறதுக்குள்ள மழை விட்டுடும்."

"அப்ப பூட்டுங்க" என்றாள் அக்கா.

"பூட்டுனா எதிர்க்கடைக்காரன் எனக்கு மாலை போட்டு வழியனுப்புவான்."

6

இப்போது நாங்கள் மூவரும் அதே பயண அலுவலகத்தில்தான் இருக்கிறோம். மூலை நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஐந்து மணிக்குமேல் இருக்கைகளைப் பிடித்துவைக்க முடியாதாம். மணி நாலு ஐம்பத்தாறு.

"எத்தனை டிக்கெட் போடட்டும்?"

"எனக்கு ஒண்ணு போடுங்க. அவரோடதை அவரே சொல்லட்டும்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அத்தான் வாயைத் திறந்திருக்கிறார். இன்னும் சத்தம் வரவில்லை. அந்த இடைவெளியில் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. "ரெண்டு" என்கிறார். [இத்தனை எளிதாக இறங்கி வந்தால் நீங்களே சந்தேகப்படுவீர்கள்.]

ஆ. ஒன்றும் சொல்லவில்லை. அக்கா கடலோரத் தெருவில் இரு கைகளையும் வீசிக்கொண்டு தனியாக நடக்கிறாள், அவளுக்குப் பக்கத்தில்... [இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.]

இ. "ஒண்ணரைக்கு முடிச்சுக்கலாமா? நாலாவது ஊர்ல வந்து சேர்ந்துக்கறேன்." [இதைத்தான் சொல்வார் என்று தோன்றுகிறது. அக்காவும் முறைக்கத் தயாராகவே உட்கார்ந்திருக்கிறாள்.]

எங்கள் கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் இறங்காமல் பேரம் நின்றுபோனால், தெருவில் போகிற யாரோ ஒருவரை உள்ளே கூப்பிடுவோம். அவர் சொல்கிற எண்ணுக்கு இருவரும் கட்டுப்பட வேண்டும். சொந்தக்காரன் சொல் அங்கே செல்லாது. அதனால் நான் வாயைத் திறக்க முடியாது. நீங்கள்தான் இந்தப் பக்கமாக வந்தீர்கள்.

நாலு ஐம்பத்தொன்பது. ஒன்றா, இரண்டா? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். அத்தானுக்கு இடது காது மந்தம்.